கடலில் காணாமல் போனவரை எதை வைத்து அடையாளம் காண்பது: டிஎன்ஏவா, பல்லா, எக்ஸ்ரேயா, இடுப்பில் ஒரு தகடா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுக்காரர்கள் எல்லோரும் கரையிலேயே இருக்கும் காலம் இதுதான். வலை சரிபார்ப்பு, பெயிண்ட், இன்ஜின் வேலை என்று போகும் இந்த இரண்டு மாதத்துக்குள் எங்கள் பக்கத்துக் குப்பத்து இளைஞர் மன்றம் இன்னொரு வேலையையும் முடித்துவிட நினைக்கிறது. கடலுக்குப் போனவர் திரும்பாமல், பல நாள் கழித்து எங்கேயோ ஓர் உடல் கரை ஒதுங்கினால், அது நம் ஆள்தானா என்று சொல்ல உதவும் அடையாளத்தை ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டும். மன்றத்தின் கையில் இருக்கும் பணம் குறைவு. டிஎன்ஏ எடுத்து வைக்கலாம் என்றார் ஒருவர். பல் முகாம் நடத்தலாம் என்றார் இன்னொருவர். பெயர் பொறித்த ஸ்டீல் தகடு, எக்ஸ்ரேயும் போட்டோவும் வைக்க ஒரு கோப்பு என்று வேறு இரண்டு யோசனைகளும் வந்தன. நான் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்ப்பவள் என்பதால் என்னிடம் கேட்டார்கள். வாயால் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் இருப்பவர்களுக்கும் இது பயன்படலாம்.

"அக்கா, டிஎன்ஏ எடுத்து வெச்சிட்டா போதும்ல? எல்லா கேஸ்லயும் கடைசியில அதைத்தானே பாக்குறாங்க?" என்று கேட்டான் மன்றத்துத் தம்பி. நியாயமான கேள்வி. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து இறந்த 260 பேரில் மிகப் பெரும்பாலோரை டிஎன்ஏவை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். அதுவும் மூன்று வாரத்துக்குள். ஆனால் அங்கே பயணிகள் பட்டியல் இருந்தது. எந்தக் குடும்பத்தை அழைத்து ரத்தம் எடுக்க வேண்டும் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. நெல்லூர்ப் பக்கம் ஒரு மணல் திட்டில் ஒதுங்கிக் கிடக்கும் உடலுக்கு எந்தப் பட்டியலும் கிடையாது. அது காசிமேட்டு ஆளா, மசூலிப்பட்டினத்து ஆளா, ஆற்றில் விழுந்து கடலுக்கு வந்தவரா என்று அங்கிருக்கும் போலீஸ்காரருக்கு எப்படித் தெரியும்?

இங்கே இரண்டு வேலைகள் இருக்கின்றன. இந்த உடல் யாராக இருக்கலாம் என்று துப்புக் கொடுப்பது ஒன்று. அவரேதான் என்று உறுதி செய்வது இன்னொன்று. டிஎன்ஏ இரண்டாவதில் கெட்டி, முதல் வேலையில் நம் நாட்டில் அதனால் இன்றைக்கு உதவ முடியாது. தகடு முதல் வேலையைச் செய்யும், அதை மட்டும் வைத்து உறுதி செய்ய முடியாது. மன்றத்துப் பிள்ளைகள் நான்கில் எது சிறந்தது என்று கேட்டார்கள். துப்புக்கு ஒன்று, உறுதிக்கு ஒன்று என்று இரண்டாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் நான் சொன்னது.

தேர்ந்தெடுக்கும் முன் கடல் உடலை என்ன செய்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். படிக்கக் கஷ்டமாக இருக்கும். ஆனாலும் இது தெரியாமல் செலவு செய்தால் பணம் வீண்.

நம் பக்கத்துக் கடல் நீர் ஆண்டின் பெரும்பகுதி வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்தச் சூட்டில் சில நாளிலேயே முகம் அடையாளம் தெரியாமல் போய்விடும். உடல் பெரும்பாலும் குப்புற மிதக்கும். தலையும் கையும் காலும் கீழே தொங்கும். நாள் ஆக ஆக மூட்டுகள் இளகி, மணிக்கட்டும் கீழ்த்தாடையும் மண்டையோடும் முதலில் கழன்றுவிடும், பிறகு கால்கள். கடைசிவரை ஒன்றாக இருப்பது மார்புக்கூடு, முதுகெலும்பு, இடுப்பு. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும். முகத்தையும் விரலையும் நம்பி வைக்கும் அடையாளம் முதலில் போகும். உடற்பகுதியைச் சார்ந்தது நெடுநாள் நிற்கும்.

கைரேகையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். "எல்லாருக்கும் ஆதார் இருக்கே" என்று பலரும் சொல்கிறார்கள். ஆதார் சட்டத்தின் 29-வது பிரிவு, கைரேகை, கருவிழிப் பதிவுகளை யாருக்கும் எந்தக் காரணத்துக்காகவும் பகிரக் கூடாது என்கிறது. அடையாளம் தெரியாத உடலின் விரலை வைத்து அங்கே தேட முடியாது. அது போக, கயிறு இழுத்து இழுத்துத் தேய்ந்த விரல்கள் இவை. ரேஷன் கடைக் கருவியில் உயிரோடு வைக்கும்போதே பல தடவை படிவதில்லை. நீரில் ஊறிய தோல் கையுறை போல உரிந்து வந்துவிடும். அதிலிருந்தும் ரேகை எடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு ரேகை வேண்டுமே. மன்றம் இதில் பணம் போட வேண்டாம்.

இனி டிஎன்ஏ. இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

காணாமல் போனவர்களின் குடும்பத்தாரிடம் எடுத்த டிஎன்ஏவை ஒரு பக்கமும், அடையாளம் தெரியாத உடல்களின் டிஎன்ஏவை இன்னொரு பக்கமும் வைத்துக் கணினியில் பொருத்திப் பார்க்கும் தேசிய வங்கி பல நாடுகளில் உண்டு. இங்கே அதற்காகக் கொண்டுவந்த டிஎன்ஏ தொழில்நுட்ப ஒழுங்குமுறை மசோதாவை 2023 ஜூலையில் அரசு மக்களவையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. தனியார் லேபில் பணம் கட்டி எடுத்து, அறிக்கையைப் பீரோவில் வைத்தால் அதைத் தேடி யாரும் வரப்போவதில்லை. நாளைக்குத் தேவைப்பட்டாலும் போலீஸ் அதை அப்படியே ஏற்காது. யார் எடுத்தது, யார் சீல் வைத்தது, யார் கை மாறியது என்ற பதிவு வேண்டும் என்று புதிதாகத்தான் ரத்தம் எடுப்பார்கள். நெருங்கிய ரத்த சொந்தம் உயிரோடு இருந்தால் முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

யாரிடம் எடுப்பார்கள் என்பது குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் தேர்வு அவருடைய பிள்ளைகள் அல்லது பெற்றோர். இரண்டு பெற்றோரும் இருந்தால் மிக நல்லது. பிள்ளைகளிடம் எடுக்கும்போது மனைவியிடமும் எடுத்தால் கணக்கு இன்னும் தெளிவாக வரும், பிள்ளையிடம் அம்மா வழியாக வந்த பாதி எது என்று கழித்துவிடலாம். அண்ணன் தம்பி, அக்கா தங்கை மட்டும்தான் இருக்கிறார்கள் என்றால் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரும் கொடுப்பது நல்லது. ஒருவரை வைத்து மட்டும் சொன்னால் முடிவு பலவீனமாக இருக்கலாம்.

நம் குப்பங்களில் டிஎன்ஏவுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஒரே படகில் அண்ணனும் தம்பியும் போகிறார்கள், சித்தப்பா மகனும் மாமனும் போகிறார்கள். ஆண் வழியில் வரும் ஒய் குரோமோசோம் பங்காளிகள் எல்லோருக்கும் ஒன்றுதான். தாய் வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ஒரு தாய் பிள்ளைகளுக்கு ஒன்றுதான். பெற்றோரின் ரத்தத்தை வைத்து ஒப்பிட்டால் 'இவர் இந்த இருவரின் மகன்' என்று தெரியும். எந்த மகன்? கல்யாணமாகிப் பிள்ளை இருந்தால் பிள்ளையின் டிஎன்ஏ சொல்லிவிடும். இரண்டு பேருமே கல்யாணமாகாதவர்கள் என்றால் பெற்றோரின் டிஎன்ஏ அந்த இடத்தில் நின்றுவிடும். இப்படிப்பட்ட வீடுகளுக்கு மட்டும், அந்த இளைஞர்களின் சொந்த மாதிரி எங்காவது இருப்பது உதவும். அதற்காகப் பெரிய செலவு வேண்டாம். அவரவர் மட்டுமே பயன்படுத்திய பல் துலக்கும் பிரஷ் போதும், காய வைத்துக் காகித உறையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துக் கெட்டுவிடும்.

இந்தத் துறையில் அண்மையில் வந்த முன்னேற்றங்களில் டிஎன்ஏ சார்ந்தவைதான் அதிகம். காதுக்கு உட்புறம் இருக்கும் கெட்டியான எலும்பிலும் பல்லிலும் டிஎன்ஏ நெடுங்காலம் தங்கும் என்பது இப்போது எல்லா ஆய்வகத்துக்கும் தெரியும். பஞ்சாபில் அஜ்னாலா என்ற ஊரின் பாழுங்கிணற்றிலிருந்து 2014-இல் தோண்டியெடுத்த எலும்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1857 கிளர்ச்சியில் கொல்லப்பட்ட சிப்பாய்கள் அவர்கள் என்று ஒரு சாரார் சொல்லி வந்தார்கள். பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் மானுடவியலாளர் சேராவத், ஹைதராபாத் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் தங்கராஜ் முதலியோர் பற்களிலிருந்து டிஎன்ஏவும், உண்ட உணவும் குடித்த நீரும் பல்லில் விட்டுப்போகும் ஐசோடோப்பு அடையாளமும் எடுத்து, அவர்கள் பஞ்சாப்காரர்கள் அல்ல, கங்கைச் சமவெளியிலிருந்து வந்தவர்கள் என்று 2022-இல் வெளியிட்டார்கள். ஒன்றரை நூற்றாண்டு கிணற்றில் கிடந்த பல் பேசுகிறது. அதுவும் ஊரைத்தான் சொன்னது, ஒருவரின் பெயரையும் சொல்லவில்லை. பெயர் வேண்டுமென்றால் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உறவினரோ உயிரோடு இருந்தபோது எடுத்த பதிவோ வேண்டும். எவ்வளவு பெரிய கருவி வந்தாலும் இது மாறாது.

பல்லுக்கு வருவோம். இன்டர்போலின் பேரிடர் அடையாள வழிகாட்டியில் முதன்மைச் சான்றுகள் மூன்று: கைரேகை, பல், டிஎன்ஏ. 2004 சுனாமியில் தாய்லாந்தில் இறந்த வெளிநாட்டுப் பயணிகளை ஆரம்ப மாதங்களில் அதிகம் அடையாளம் காட்டியது பல்தான். அவர்கள் ஊரில் பல் டாக்டரிடம் எக்ஸ்ரே, எந்தப் பல் அடைத்தது, எது பிடுங்கியது என்று எல்லாம் பதிவில் இருந்தது. அதே கரையில் இறந்த தாய்லாந்து மக்கள் பலருக்கு அப்படிப் பதிவு இல்லை, பல் அவர்களுக்கு உதவவில்லை. நம் நிலைமை தாய்லாந்துக்காரர்களுடையது. வலி தாங்க முடியாமல் போனால் பல்லைப் பிடுங்கிவிட்டு வருவோம், சீட்டு எங்கே போனது என்று தெரியாது.

அப்படியானால் பல் முகாம் நல்ல யோசனைதானே என்றால், பல்லுக்கு நல்லது, செய்யலாம். அடையாளத்துக்கென்று மட்டும் செலவழிப்பதானால் எனக்குத் தயக்கம் உண்டு. ஒவ்வொருவர் வாயையும் முப்பத்திரண்டு கட்டத்தில் ஒழுங்காகக் குறிக்கப் பயிற்சி பெற்ற பல் மருத்துவர் வேண்டும். இரண்டு மூன்று வருடத்தில் அது பழசாகிவிடும். தாடை கழன்றுவிட்டால் பாதிப் பல் போனது போனதுதான். முன் பற்கள் ஒற்றை வேர் உள்ளவை, மண்டையோடு கிடைத்தாலும் அவை உதிர்ந்திருக்கலாம். இதற்குப் பதில் செலவே இல்லாத வழி ஒன்று இப்போது உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. பல் தெரியச் சிரிக்கும் போட்டோ. முன் பல்லின் வரிசை, இடைவெளி, தெற்றுப் பல், முனை உடைந்த பல் எல்லாம் மொபைல் போட்டோவில் தெளிவாக விழும். பல்லே உதிர்ந்திருந்தாலும் குழிகள் இருக்கும், தெற்றுப் பல்லின் குழி வரிசையை விட்டு விலகித்தான் நிற்கும். 2013-இல் இத்தாலியின் லம்பெதூசா தீவருகிலும் 2015-இல் லிபியா அருகிலும் மத்தியதரைக் கடலில் மூழ்கிய அகதிகளுக்காக மிலான் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா கட்டானியோவின் குழு செய்த வேலையில், குடும்பத்தார் கொண்டுவந்த போட்டோக்கள் முக்கிய இடம் பிடித்தன. அந்த மக்களிடமும் பல் டாக்டர் பதிவெல்லாம் கிடையாது.

போட்டோ எடுக்கும்போது வாய் மூடி முறைத்துக்கொண்டு நிற்க வேண்டாம். உதட்டை நன்றாக விரித்து நேராக ஒன்று, இரண்டு பக்கவாட்டில் ஒவ்வொன்று, வெளியே வெயில் வெளிச்சத்தில் எடுங்கள். பச்சை குத்தியிருந்தால், ஆபரேஷன் தழும்பு இருந்தால் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துத் தனியாக எடுங்கள். அழகு காட்டும் ஃபில்டர் எதுவும் வேண்டாம், அது பல்லின் ஓரத்தை மாற்றிவிடும்.

அடுத்தது எக்ஸ்ரே. என் தொழில் என்பதால் தூக்கிப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள், நடந்ததைச் சொல்கிறேன். கொரியப் போரில் இறந்த அமெரிக்க வீரர்களில் அடையாளம் தெரியாத எண்ணூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஹவாயில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் புதைத்திருந்தார்கள். புதைக்கும் முன் ஜப்பானில் வைத்து அந்த எலும்புகளுக்கு ஃபார்மால்டிஹைடு கலந்த மருந்து போட்டுவிட்டார்கள். பல பத்தாண்டு கழித்துத் தோண்டி எடுத்தபோது வழக்கமான டிஎன்ஏ சோதனை அந்த எலும்புகளில் தோற்றது. என்ன செய்வது? படையில் சேரும்போது எல்லோருக்கும் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க மார்பு எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். அந்தப் பழைய படங்களில் பல பத்திரமாக இருந்தன. தோளுக்கும் நெஞ்சுக்கும் நடுவே இருக்கும் காறை எலும்பை அதே கோணத்தில் எக்ஸ்ரே எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிட்டார்கள். கார்ல் ஸ்டீஃபனும் அவருடன் வேலை செய்தவர்களும் 2011-இல் இந்த முறையின் நம்பகத்தன்மையைச் சோதித்து வெளியிட்டார்கள். காசநோய்க்காக எடுத்த படத்தால் எத்தனையோ வீரர்கள் பெயரோடு வீட்டுக்குப் போனார்கள்.

காறை எலும்பில் அப்படி என்ன இருக்கிறது? நீங்களே ஒரு மார்பு எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். மேலே இரண்டு பக்கமும் லேசாக வளைந்து போகும் வெள்ளைப் பட்டைகள் தெரியும். ஒருவருக்கு அது மெல்லிசாக நீண்டிருக்கும், இன்னொருவருக்குத் தடித்து வளைந்திருக்கும். நெஞ்செலும்போடு சேரும் முனைக்குக் கீழே சிலருக்கு ஒரு பள்ளம் விழுந்திருக்கும், தசைநார் பிடிக்கிற இடம் அது. சிலருக்கு இடது பக்கம் மட்டும் இருக்கும், சிலருக்கு இல்லவே இல்லை. கீழ் ஓரத்தின் மேடு பள்ளம், பழைய முறிவு சேர்ந்த தடிப்பு என்று எல்லாம் சேர்ந்து ஒவ்வொருவருக்கும் தனி உருவம் தரும். இன்னொன்றும் உண்டு. அந்த உள் முனைதான் உடம்பிலேயே கடைசியாக மூடும் வளர்ச்சிப் பகுதிகளில் ஒன்று, இருபதுகளில்தான் முழுதாக ஒட்டும். இருபது வயதுத் தம்பியையும் முப்பத்தைந்து வயது அண்ணனையும் பெற்றோரின் டிஎன்ஏ பிரிக்காத இடத்தில் இந்த முனை பிரித்துக் காட்டும். கடைசிவரை உடலோடு இருக்கும் பகுதி மார்பு என்று மேலே சொன்னதை இங்கே சேர்த்துப் பாருங்கள்.

வடசென்னையில் மார்பு எக்ஸ்ரே எடுக்காத வீடு குறைவு. இருமல் என்று ஸ்டான்லிக்குப் போனால் எடுப்பார்கள், ஓட்டேரி நெஞ்சக மருத்துவமனையில் எடுப்பார்கள், ஆபரேஷனுக்கு முன் எடுப்பார்கள், வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் என்றால் எடுப்பார்கள். இப்போது காசநோய் முகாம்களில் கையடக்கக் கருவியோடு தெருவுக்கே வருகிறார்கள். படம் ஏற்கெனவே இருக்கிறது. டாக்டர் பார்த்ததும் அலமாரிக்கு மேலே வைத்துவிட்டு, பொங்கலுக்கு முன் பழைய சாமானோடு போட்டுவிடுகிறோம். அதைத்தான் நிறுத்த வேண்டும். கை கால் முறிந்து பிளேட் வைத்தவர் என்றால் அந்த எக்ஸ்ரேயும் டிஸ்சார்ஜ் சீட்டும் தங்கம். தலை எக்ஸ்ரேயில் நெற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறையின் ஓரக் கோடு தெரிந்தால் அதுவும் ஒருவருக்கு இருப்பது போல் இன்னொருவருக்கு இருக்காது.

ஆனால் இதற்காகவே புதிதாக எக்ஸ்ரே எடுக்கும் முகாம் நடத்தாதீர்கள். ஒரு மார்புப் படத்தின் கதிர்வீச்சு மிகக் குறைவுதான், ஆனாலும் மருத்துவக் காரணமின்றி எடுப்பது முறை இல்லை, நான் அதற்குத் துணை போக மாட்டேன். இருப்பதைச் சேமித்தால் போதும். படச்சுருள் என்றால் மடிக்காமல் உறையில் வையுங்கள், அதில் எழுதியிருக்கும் பெயர், தேதி, வலது இடது குறி எல்லாம் விழும்படி மொபைலிலும் ஒரு படம் எடுங்கள். இப்போது பல இடங்களில் காகிதத்தில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள், அதில் எலும்பின் நுணுக்கம் குறையும். சிடியோ கணினிக் கோப்போ கேட்டு வாங்குங்கள், கேட்டால் கொடுப்பார்கள்.

மண்டையோட்டையும் போட்டோவையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார்க்கும் முறை பற்றியும் கேட்டார்கள். அதற்குத் தமிழ்நாட்டில் நல்ல பாரம்பரியம் உண்டு. 1849-இல் சென்னையில் தொடங்கிய வேதிப் பரிசோதனைக் கூடத்தின் வழியில் வந்தது நம் தடய அறிவியல் துறை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தடயங்களை ஆராய்ந்த சந்திரசேகரன் அதன் இயக்குநராக இருந்தவர். முறையும் பழையது, 1935-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டரில் ரக்ஸ்டன் என்ற மருத்துவர் செய்த கொலையில் இப்படித்தான் மண்டையோட்டைப் போட்டோவோடு பொருத்தினார்கள். 'இவர் அவரல்ல' என்று விலக்க இது நன்றாக உதவும். 'இவரேதான்' என்று சொல்ல இது மட்டும் போதாது, நீதிமன்றங்களும் துணைச் சான்றாகத்தான் எடுத்துக்கொள்கின்றன. கடலில் மண்டையோடு முதலில் கழல்வதால் நமக்கு இது நம்பகமான வழி இல்லை. கீழடி பக்கத்துக் கொந்தகையில் கிடைத்த பழங்கால மண்டையோடுகளை வைத்து இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகம் 2025-இல் முகங்களை உருவாக்கியதைப் பார்த்துவிட்டு, "அது மாதிரி பண்ண முடியாதா" என்று ஒரு பெரியவர் கேட்டார். முடியும் ஐயா, ஆனால் அது ஏறத்தாழ இப்படி இருந்திருக்கலாம் என்ற முகம். பார்த்தவர் யாருக்காவது பொறி தட்டினால் துப்பாகும், அவ்வளவுதான். தில்லி போலீஸ் 2024 ஜனவரியில் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இறந்தவர் ஒருவரின் முகத்தைக் கண் திறந்தது போல் மாற்றிப் போஸ்டர் ஒட்டியதும் இந்த வகைதான். முகம் அழியாமல் இருந்ததால் அங்கே அது கைகொடுத்தது.

நான்கு யோசனைகளில் மன்றம் காசு செலவழிக்க வேண்டியது தகட்டில்தான் என்பது என் எண்ணம். கழுத்தில் வேண்டாம், கையில் வேண்டாம். நம் ஆண்கள் இடுப்பில் அரைஞாண் கயிறு கட்டியிருக்கிறார்கள், அது உடலின் கடைசிவரை நிற்கும் பகுதியில் இருக்கிறது. பருத்திக் கயிறு உப்பு நீரில் இற்றுவிடும், நைலான் வாங்குங்கள். தகடு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், மலிவான ரகங்கள் கடல் நீரில் துரு ஏறிப் பொறித்தது தெரியாமல் போகும். பெயிண்ட், ஸ்டிக்கர் கூடாது, ஆழமாகப் பொறிக்க வேண்டும். பெயர், அப்பா பெயர், குப்பத்தின் பெயர், இரண்டு போன் நம்பர். ஒன்று வீட்டு நம்பர், இன்னொன்று மன்றத்துடையதோ பஞ்சாயத்தாருடையதோ, வீட்டு நம்பர் மாறினாலும் அது மாறாது. தமிழிலும் ஆங்கிலத்திலும் பொறியுங்கள். ஆதார் எண் வேண்டாம்.

ஆங்கிலம் ஏன் என்றால், கோடையிலும் தென்மேற்குப் பருவத்திலும் கரையோர நீரோட்டம் வடக்கு நோக்கிப் போகும். அப்போது காசிமேட்டிலோ எண்ணூரிலோ காணாமல் போனவர் பழவேற்காடு, ஸ்ரீஹரிகோட்டா, நெல்லூர் பக்கம் ஒதுங்கலாம். வடகிழக்குப் பருவத்தில் நீரோட்டம் தெற்கே திரும்பும், அப்போது மாமல்லபுரம், மரக்காணம் பக்கம் பார்க்க வேண்டும். ஆந்திரப் போலீஸ்காரர் தகட்டைப் படித்துப் போன் செய்ய வேண்டும், அந்த ஒரு போனுக்காகத்தான் இந்தச் செலவு.

தகடு மட்டும் போதாது என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். கயிற்றையும் லுங்கியையும் ஒருவருடையதை இன்னொருவர் மாட்டிக்கொள்வது படகில் நடக்கும். பொருளை வைத்து மட்டும் உடலைக் கொடுத்தால் தவறான வீட்டுக்குப் போய்விடும். யாழ்ப்பாணத்தில் செம்மணிப் புதைகுழியிலிருந்து 2025-இல் 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தபோது, கூடவே கிடைத்த நீலப் பள்ளிப் பை, பொம்மை, துணிகளை ஆகஸ்டில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். யாராவது அடையாளம் தெரிந்து முன்வருவார்களா என்பதற்காக. அங்கேயும் பொருள் துப்புத்தான், உறுதி எலும்பிலிருந்து வர வேண்டும்.

உறுதி ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்கள், உடல் கிடைக்காத வீட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஏழு வருடம் செய்தி இல்லாவிட்டால்தான் இறந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், புதிய சாட்சியச் சட்டத்தில் 111-வது பிரிவு, பழையதில் 108. அதுவரை இறப்புச் சான்றிதழ் இழுத்தடிக்கும், மீனவர் விபத்துக் காப்பீட்டின் 5 லட்சம் இழுத்தடிக்கும், மனைவி பொட்டு வைப்பதா வேண்டாமா என்று ஊர் பேசும்.

இதில் காசே ஆகாத ஒன்று படகின் ஆள் பட்டியல். விமான விபத்தில் முடிந்தது நமக்கு முடியாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். துறைமுகத்தை விட்டுப் போகும் முன் யார் யார் ஏறினார்கள் என்று எழுதி, போட்டோ எடுத்துக் கரையில் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போகட்டும். கடைசி நேரத்தில் ஒருவர் இறங்கி இன்னொருவர் ஏறினால் அதையும் அனுப்ப வேண்டும். ஸ்ரீகாகுளத்திலிருந்து நம் படகுகளுக்கு வேலைக்கு வரும் ஆட்களுக்கு இது இன்னும் அவசியம். அவர்களுடைய வீட்டு நம்பர் உரிமையாளரிடம் கூட இருப்பதில்லை, தகடு போடும்போது அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக மன்றத்துப் பணம் தகட்டுக்கும் கயிற்றுக்கும். வீட்டுக்கு ஓர் உறை: சிரிக்கும் போட்டோ, தழும்பு, பச்சை போட்டோ, இருக்கிற எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சீட்டு, உயரம், ரத்த வகை, டிஎன்ஏ கொடுக்கக்கூடிய சொந்தங்களின் பெயரும் முறையும் எழுதிய தாள். கல்யாணமாகாத அண்ணன் தம்பி ஒரே படகில் போகும் வீட்டில் பிரஷ் உறையும். பல் முகாம் நடந்தால் அந்தச் சீட்டும் உள்ளே போகட்டும். உறை வீட்டில் இருக்க வேண்டும், படகில் அல்ல. போட்டோக்களின் நகல் வீட்டுக்காரர் சம்மதித்தால் மட்டும் மன்றத்தில் ஒருவரிடம் இருக்கலாம்.

ஒருவேளை அந்த நாள் வந்துவிட்டால், காணவில்லை என்று புகார் கொடுக்கும்போதே உறையின் நகலை ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்குங்கள். நீரோட்டத் திசையில் இருக்கும் கடலோரக் காவல் நிலையங்களுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். உடல் கிடைத்து அது நம்முடையதோ என்று சந்தேகம் இருந்தால், போஸ்ட்மார்ட்டத்தின்போது தொடை எலும்பிலோ பல்லிலோ டிஎன்ஏ மாதிரி எடுத்தார்களா, அதை ஃபார்மலினில் (மேலே சொன்ன ஃபார்மால்டிஹைடு கரைசல்தான், டிஎன்ஏவைக் கெடுத்துவிடும்) போடாமல் வைத்தார்களா, மார்புப் பகுதிக்கு எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஒரே உடலை இரண்டு குடும்பம் கேட்டால் சண்டை வேண்டாம், முடிவு வரும்வரை காத்திருங்கள். 2023 ஜூன் 2 அன்று பாலசோரில் நம் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளானபோது ஒரே உடலுக்குப் பல குடும்பங்கள் வந்தன. டிஎன்ஏ முடிவு வரும்வரை உடல்களை மாதக்கணக்கில் புவனேஸ்வர் எய்ம்ஸில் வைத்திருந்தார்கள். கடைசியில் யாரும் உரிமை கோராத 28 உடல்களை அக்டோபரில் தகனம் செய்தார்கள்.

அடையாளம் தெரியாத உடலை அடக்கம் செய்தே தீர வேண்டும் என்ற நிலை வந்தால், எரிக்க வேண்டாம், எண் போட்டுப் புதையுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு புத்துமலையில் எண்ணிட்டுப் புதைத்தார்கள். டிஎன்ஏ முடிவு வர வர, எண்ணுக்குப் பதில் அந்தக் கல்லறைகளில் பெயர் ஏறியது.